மேற்கு ஜன்னல் வெயில்

மொட்டைமாடியில் சோலார் போட வேண்டும் என்ற ஆசை மருந்துக்கடைக்காரருக்கு மின்கட்டணத்தைப் பார்த்து வரவில்லை, மைத்துனரைப் பார்த்து வந்தது. மனைவியின் அண்ணன் தன் வீட்டு மாடியில் சோலார் தகடுகளைப் பதித்த நாளிலிருந்து, துக்க வீடு என்றும் பார்ப்பதில்லை, கல்யாண வீடு என்றும் பார்ப்பதில்லை, கைப்பேசியை எடுத்து நீட்டிவிடுவார். "பாருங்க மாப்பிள்ளை, இந்த நிமிஷம் என் மாடியில எவ்வளவு கரண்ட் வருதுன்னு இதுலயே தெரியுது. நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்களே!" இதை நாலு பேர் நடுவில் கேட்டுக் கேட்டு மருந்துக்கடைக்காரருக்குக் காது புளித்துப்போனது. அடுத்த வாரமே ஒரு கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார்.

அளவெடுக்க வந்தவர் கம்பெனியின் சூப்பர்வைசர். இடுப்பில் அளவு டேப், காதுக்கும் தோளுக்கும் நடுவே எப்போதும் ஒரு போன், வாய் நிறைய 'சார்'. மாடிக்கு வந்ததும் கையை நெற்றிக்குக் குடைபிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். மாடியின் கிழக்குப் பாதியில் படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. மேற்குப் பாதி காலியாகக் கிடந்தது. ஆனால் மேற்குப் பக்கத்து வீட்டில் ஒரு வாதாமரம் அந்த வீட்டு மாடிக்கும் மேலாக அடுக்கடுக்காகக் கிளை விரித்து நின்றது. மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் இந்தப் பாதி முழுக்கப் படுத்துக்கொள்ளும்.

"ரெண்டு வழி இருக்கு சார்," என்றார் சூப்பர்வைசர். "தொட்டியைத் தூக்கி இந்தப் பக்கம் வச்சுட்டு, அங்க தகடு போடலாம். மரத்தால ஒரு தொந்தரவும் இல்ல. இல்லைன்னா இந்த மரம் போகணும்."

"தொட்டியை மாத்தணும்னா குழாய் எல்லாத்தையும் உடைக்கணுமே?"

"ஆமா சார். ஒரு வாரம் இழுக்கும். வீட்ல தண்ணிக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்."

மருந்துக்கடைக்காரர் மனைவியின் முகத்தை நினைத்துப் பார்த்தார். குளியலறைக் குழாயில் வாஷர் மாற்றியதற்கே மூன்று நாள் பேச்சு வாங்கியவர் அவர். "தொட்டி வேலை பெரிய வேலை. மரத்தை நான் பாத்துக்கறேன்," என்றார்.

"பக்கத்து வீட்ல ஒத்துக்குவாங்களா சார்?"

"அவங்க எனக்குக் கடமைப்பட்டவங்க. நான் கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க."

அது பொய்யில்லை. பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு நர்ஸம்மாவும் அவர் கணவரும். கணவர் பஸ் ஓட்டியவர், தெருவுக்கே டிரைவரண்ணன். ஒருநாள் காலை அவர் குளியலறையில் விழுந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது, கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடிப்போய், தன் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் மருந்துக்கடைக்காரர்தான். அன்று எந்தக் கணக்கும் பார்த்து அவர் ஓடவில்லை. அப்படிச் செய்த ஒரு நல்ல காரியத்தை இன்று இப்படிச் செலவழிக்கிறோமே என்று அப்போது அவருக்குத் தோன்றவும் இல்லை.

டிரைவரண்ணன் பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வந்தது. மேற்கு அறையில், ஜன்னலோரம், கட்டிலில் கிடந்தார். ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் அந்த வாதாமரம்.

மாலையில் நர்ஸம்மா வேலை முடிந்து, தோளில் பையோடு வந்து கேட்டைத் திறக்கும்போது மருந்துக்கடைக்காரர் போய் நின்றார். விஷயத்தைச் சொன்னார். நர்ஸம்மா அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

"வேற வழியே இல்லையா தம்பி?"

"இன்ஜினியரே அளந்து பாத்துட்டுச் சொல்லிட்டாருக்கா. வேற வழியே இல்லையாம்."

சொல்லி முடிக்கும்போது அவர் கண் தானாக நர்ஸம்மாவின் பைக்குப் போனது. அதன் வார் அறுந்து ஊசிநூலால் தைக்கப்பட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவருக்குத்தான்..." என்று ஆரம்பித்த நர்ஸம்மா அதை முடிக்கவில்லை. "சரி தம்பி. நீங்க வந்து கேட்டு நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? வெட்டிக்குங்க."

மனைவியிடம் மருந்துக்கடைக்காரர் கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். "இலை கொட்டிக் கொட்டிச் சாக்கடை அடைக்குதாம். அவங்களே வெட்டப் போறாங்களாம். நமக்கும் நல்லதாப் போச்சு." வெட்டுகிற அன்று கடையில் சரக்கு வருகிறது என்று சொல்லி விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார். மதியம் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரவில்லை. மனைவி மட்டும் மனசு நிறைந்து, பழம் வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், "உங்களுக்கே தோணி மரத்தை எடுத்தீங்களே, எங்களுக்கு எவ்வளவு உபகாரம் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு வந்தார். நர்ஸம்மா சிரித்தாராம். பழத்தை வாங்கிக்கொண்டாராம்.

மரம் போன பிறகு சோலார் மடமடவென்று வந்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். வரவில்லை. முதலில் இரும்புச் சட்டங்கள் வந்தன, தகடுகள் வரவில்லை. தகடுகள் வந்தபோது சட்டத்தில் மாட்டும் கொக்கிகள் வேறு அளவில் இருந்தன. மழையில் நனையக்கூடாது என்று தகடுகளைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். சோபாவுக்குப் போக ஒருக்களித்து நடக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் வந்து பார்த்த மைத்துனர், "என்ன மாப்பிள்ளை, உங்க வீட்ல கூடத்துலதான் வெயில் அடிக்குதா?" என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே ரசித்து வெகுநேரம் சிரித்தார்.

கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல் இனிமையாக, சூப்பர்வைசரிடம் கேளுங்கள் என்றது. சூப்பர்வைசர் கிடங்கில் கேட்கச் சொன்னார். கிடங்கில் இருந்தவர் லாரிக்காரரைக் கைகாட்டினார். எல்லாரும் சுற்றி வந்து கடைசியில் சூப்பர்வைசரிடமே கொண்டுபோய் விட்டார்கள். அவர் வாயில் ஒரே பதில்தான். "நாளைக்கு முடிஞ்சுடும் சார்." மருந்துக்கடைக்காரரின் மனைவி அவருக்கு 'நாளைக்காரர்' என்றே பெயர் வைத்துவிட்டார். கேட்டில் சத்தம் கேட்டால், "எட்டிப் பாருங்க, நாளைக்காரர் இன்னைக்கே வந்துட்டாரோ என்னவோ" என்பார்.

ஒருவழியாக ஆட்கள் வந்து மேற்குப் பாதியில் தளத்தைத் துளைத்துச் சட்டங்களை நிறுத்தினார்கள். அடுத்து ஒரு நல்ல மழை பெய்தது. படுக்கையறைக் கூரையில் ஈரம் வட்டமாகப் படர்ந்து, கட்டிலின் நடுவே சொட்ட ஆரம்பித்தது. அதைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து நிஜமாகவே ஒரு இன்ஜினியர் வந்தார். சிறிய சுத்தியலால் தளத்தை அங்கங்கே தட்டிப் பார்த்தார். மேற்குப் பாதி பிற்பாடு சேர்த்துக் கட்டியது. தளம் உள்ளே பொக்கு விட்டிருக்கிறது. காற்றடித்தால் சட்டத்தின் இழுப்பைத் தாங்காது என்றார். "கிழக்குப் பக்கம்தான் போட முடியும். தொட்டியை நகர்த்திடுங்க. தொட்டிக்கு சுவர் மேல தாங்குற மாதிரி தனியா ஒரு மேடை கட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கைகழுவத் தண்ணீர் கேட்டார்.

மருந்துக்கடைக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. இன்ஜினியர் போனதும் சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதத்து எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பியது.

"யோவ், நீயெல்லாம் ஒரு ஆளா? அளவெடுக்க வந்தியே, அன்னைக்கே இதைச் சொல்றதுக்கென்ன? ஒரு மரத்தை வெட்ட வச்சுட்டு, இப்ப வந்து தொட்டியை நகர்த்துங்கறியே! பொய்யைத் தவிர வேற எதுவும் வாயில வராதா உனக்கு?"

சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆள் பார்க்கிறார்கள் என்றதும் மருந்துக்கடைக்காரருக்கு இன்னும் வேகம் வந்தது. "சொல்லுய்யா! எல்லாரும் கேக்கட்டும், சொல்லு!"

சூப்பர்வைசர் அதுவரை போனை நோண்டிக்கொண்டு பொறுமையாகத்தான் நின்றார். தளத்தைத் தட்டிப் பார்க்காமல் விட்டது தன் தப்பு என்று அவருக்கும் தெரியும். ஆனால் பொய் என்ற சொல் அவரைச் சுட்டுவிட்டது போல.

"சார், மரியாதையாப் பேசுங்க. தளம் விஷயம் எங்க தப்பு, ஒத்துக்கறேன். மரத்தை என் தலையில கட்டாதீங்க. தொட்டியை நகர்த்தினா மரத்தைத் தொடவே வேண்டாம்னு இதே இடத்துல நின்னு சொன்னேனா இல்லையா? நீங்கதான் தொட்டி பெரிய வேலைன்னீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எனக்குக் கடமைப்பட்டவங்க, நான் கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்கன்னு சொன்னது யாரு சார்? நானா?"

மருந்துக்கடைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் சூப்பர்வைசரின் தோளுக்குப் பின்னால் பக்கத்து மாடி தெரிந்தது. முன்பெல்லாம் மரத்தின் கிளைகள் அந்த மாடியின் மேல் கவிந்து மறைத்திருக்கும். இப்போது வெட்டவெளி. கொடியருகே நர்ஸம்மா நின்றிருந்தார். கையில் பாதி மடித்த படுக்கை விரிப்பு.

எவ்வளவு கேட்டிருப்பார் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்ட முகம் அது. விரிப்பை மறுபடி ஒருமுறை உதறி, நான்காக மடித்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது மருந்துக்கடைக்காரருக்கு. நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. பூமி எங்கே பிளக்கிறது? காலடியில் மொட்டைமாடித் தளம்தான் இருந்தது. சூப்பர்வைசர், "நாளைக்கு வரேன் சார்," என்று முணுமுணுத்துவிட்டு நழுவினார்.

கீழே மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அவங்களே வெட்டப் போறாங்கன்னு சொன்னீங்க."

அவர் செருப்பைத் தேடினார்.

"நான் பழம் வாங்கிட்டுப் போய் என்னென்ன பேசிட்டு வந்தேன் தெரியுமா? 'உங்களுக்கே தோணி எடுத்தீங்களே'ன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்திருக்கேன். என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க? தெரிஞ்சே வந்து குத்திக்காட்டுறான்னு நினைச்சிருக்க மாட்டாங்க?" குரல் உடைந்தது. "தொட்டியை நகர்த்தினா நான் என்ன உங்களைக் கடிச்சா தின்னுருப்பேன்?"

அதன்பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டு வேளையில்கூடப் பேச்சு குறைந்துபோனது.

மருந்துக்கடைக்காரர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது தெருவின் மறுபக்கமாக நடக்கப் பழகினார். நர்ஸம்மாவின் கேட்டைக் கடக்கும்போது போனைக் காதில் வைத்துக்கொள்வார், யாரும் பேசாவிட்டாலும். கடையில் உட்கார்ந்திருந்தால், டிரைவரண்ணனின் மாத்திரைகள் இருக்கிற தட்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வழக்கமாக வாங்க வருகிற நாள் கடந்துபோனது. நர்ஸம்மா வரவில்லை. பஸ் ஏறிப்போய் வேறு கடையில் வாங்குகிறார் என்று காய்கறி வண்டிக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். தான் கழிவு போட்டுக் கொடுத்த மருந்தை முழுவிலை கொடுத்து, அதுவும் இரவு வேலை முடிந்த அலுப்போடு, பஸ் ஏறி இறங்கி... அதற்கு மேல் நினைக்க மருந்துக்கடைக்காரருக்குத் தெம்பில்லை. அன்று ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாக வயிற்றுவலி மருந்தை எடுத்து நீட்டிவிட்டு, அந்த ஆளே பார்த்துச் சொன்ன பிறகு மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் கடையை அடைத்துவிட்டு, மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். நர்ஸம்மா கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, நான்..."

"உள்ள வாங்க. அவர் தூங்குறாரு, மெதுவாப் பேசுங்க."

மேற்கு அறையின் வாசலில் இருந்தே அனல் தெரிந்தது. ஜன்னலில் ஒரு பழைய போர்வையைக் கட்டியிருந்தார்கள். அதன் ஓரங்களில் வெயில் கத்தி போல உள்ளே வந்து கட்டிலின் பாதியை வெட்டியது. டிரைவரண்ணன் நெற்றியில் ஈரத்துணியோடு கண்மூடிக் கிடந்தார். கழுத்துமடிப்பில் வேர்க்குரு சிவந்திருந்தது. திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டியவர், வெயில் நகர்ந்தால் தானாக நகர முடியாதவர். மரம் நிழல் தருவது தன் மாடிக்கு மட்டும்தான் என்பது போல அன்று கேட்டின் முன்னால் நின்று பேசியது ஞாபகம் வந்து, மருந்துக்கடைக்காரருக்குக் காது மடல் சுட்டது.

கூடத்துக்குத் திரும்பி வந்ததும், "நான் பண்ணது மகா தப்புக்கா. மன்னிச்சுடுங்க," என்றார்.

நர்ஸம்மா நாற்காலியைக் காட்டினார். தானும் உட்கார்ந்தார். "தொட்டி விஷயத்தை என்கிட்ட சொல்லியிருந்தாக்கூட, போனாப் போகுதுன்னு வெட்டச் சொல்லியிருப்பேனோ என்னவோ. வழியே இல்லைன்னு சொல்லிக் கேட்டீங்க பாருங்க, அதுதான் ஆறமாட்டேங்குது. அப்புறம் அந்தக் கடமைப்பட்டவங்கங்கற பேச்சு." ஒரு நிமிடம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க அவரைத் தூக்கிட்டு ஓடினதை நான் ஆஸ்பத்திரியில எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்! பெருமையாச் சொல்லுவேன் தம்பி. இனிமே எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகை வந்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது. வரவில்லை.

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு இப்ப அதுக்கு நேரமில்ல," என்றார் நர்ஸம்மா. "அந்த ஜன்னல்ல வெயில் அடிக்குது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அன்று மாலையே மருந்துக்கடைக்காரர் மூங்கில் தட்டியும், தோட்டத்துக்குப் போடுகிற பச்சை வலையும் வாங்கிவந்தார். ஆள் வைத்துச் செய்யலாம். அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் ஏணி போட்டு ஏறி, சுவரில் ஆணி இறங்காமல் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு, இரண்டு இடத்தில் பூச்சைப் பெயர்த்து, எப்படியோ ஜன்னலுக்கு மேலே வலையைப் பந்தல் போலக் கட்டி, அதன் கீழே தட்டியைத் தொங்கவிட்டார். கோணலாகத்தான் இருந்தது. தட்டியை மத்தியானம் வெளியிலிருந்து கயிற்றை அவிழ்த்து இறக்க வேண்டும், வெயில் தாழ்ந்ததும் ஏற்றிக் கட்ட வேண்டும். நர்ஸம்மாவுக்குப் பகல் வேலை வருகிற நாட்களில் அதை நானே வந்து செய்கிறேன் என்றார்.

நர்ஸம்மா கொஞ்சம் யோசித்தார். "செய்யுங்க. ஆனா ஒண்ணு. அவருக்கு எதுவும் தெரியாது. மரம் உள்ளுக்குள்ள பூச்சி அரிச்சுப்போச்சு, வீட்டு மேல சாஞ்சுடும், அதான் வெட்டுறோம்னு அன்னைக்கே சொல்லி வச்சுட்டேன். அப்படியே இருக்கட்டும்."

"நானே அவர்கிட்ட சொல்லிடறேன்க்கா. சொன்னாத்தான் எனக்கு..."

"உங்களுக்கு மனசு லேசாகும். அவருக்கு?" குரலில் கோபம் இல்லை. நோயாளியின் வீட்டாருக்கு விவரம் சொல்கிற குரல் அது. "அவரைத் தேடி வர்ற ஆளே நாலு பேர் இல்ல. அதுல ஒருத்தரை வெறுத்துக்கிட்டு அந்தக் கட்டில்ல கிடக்கணுமா? சொல்லாதீங்க." சொல்ல மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

தொட்டி நகர்ந்தது. குழாய்கள் உடைந்து, வீட்டில் ஒரு வாரம் வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். மனைவி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, அதுவே அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கிழக்குப் பாதியில் தகடுகள் ஏறின. மின்சார அலுவலகத்திலிருந்து ஆள் வந்து மீட்டர் மாற்றினார். எல்லாம் முடிந்த அன்று சூப்பர்வைசர் போனைத் தூக்கிக்கொண்டு, "சார், தகடு பக்கத்துல நின்னு கட்டைவிரலைக் காட்டுங்க. கம்பெனி விளம்பரத்துக்கு ஒரு போட்டோ," என்றார். மருந்துக்கடைக்காரர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குக் கடையை அடைத்ததும் அவர் முதலில் போவது பக்கத்து வீட்டுக்குத்தான். நர்ஸம்மா மருந்து வாங்க இன்னமும் கடைக்கு வருவதில்லை. அவரும் கேட்கவில்லை. சாவியை மட்டும் ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

தட்டியை இறக்கிவிட்டு உள்ளே வந்தால் டிரைவரண்ணன் விழித்திருப்பார். அவரைச் சற்றுத் தூக்கித் தலையணையைச் சரிசெய்து, தண்ணீர் கொடுத்து, வாயோரத்தைத் துடைத்துவிட வேண்டும். சில நாள் ஒன்றிரண்டு சொல் பேசுவார். பழைய பஸ் ரூட்டில் எந்தத் திருப்பத்தில் எப்படி ஒடிக்க வேண்டும் என்று இடது கையால் காற்றில் ஸ்டீயரிங் திருப்பிக் காட்டுவார்.

ஒருநாள் அவர் தட்டியின் இடுக்கு வழியாக வெளியே பார்த்துக்கொண்டே கிடந்தார். பிறகு மருந்துக்கடைக்காரரைப் பார்த்து வாயைக் கோணி, சொற்களை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

"நல்ல... மரம்."

"ஆமாண்ணே."

"உள்ள... பூச்சி. வெளியில... தெரியவே... இல்ல."

மருந்துக்கடைக்காரர் டம்ளரை எடுத்தார். அது காலியாக இருந்தது. திரும்ப வைத்தார்.

"நீ... வெயில்ல... தினம் வர்ற," என்றார் டிரைவரண்ணன். "யாரு... வருவா? உனக்கு... நல்ல மனசு."

சொல்லிவிட்டு இடது கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பல வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கை, அந்தப் பக்கம் மட்டும் இன்னும் வலுவாகத்தான் இருந்தது. மருந்துக்கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. நர்ஸம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் அங்கேயே நின்றது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தட்டியின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். அவர் சாப்பிட்டுவிட்டார் என்று தெரியும். தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

டிரைவரண்ணன் தலையசைத்தார். பிடியை விடவில்லை. அவராக விடும்வரை மருந்துக்கடைக்காரர் கையை இழுக்காமல் கட்டிலோரம் குனிந்தபடியே நின்றார்.